வயிற்று வியாதிக்காரி

மலச்சிக்கலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததன் அடையாளமாக என் வயிற்றில் மார்புக்குக் கீழே தொடங்கித் தொப்புளை ஒதுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு தழும்பு இருக்கிறது. மனசுக்கென்று மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் இப்போது எத்தனையோ பேர். கொடுக்கிற டாக்டர் தூக்கம் வருகிறதா என்று கேட்பார், கோபம் வருகிறதா என்று கேட்பார். கொல்லைக்குப் போனாயா என்று கேட்கமாட்டார். நீங்களாகத்தான் சொல்லவேண்டும். நானும் சொன்னேன். சொன்னதற்கு எனக்குக் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் என் புக்ககம். மாமனார் காலமாகிவிட்டார். என் கணவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. மாமியார் சொல்வதே வீட்டில் சட்டம். கணவரின் தங்கை பத்மாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனி மாசம் எனக்கு ரகு பிறந்தான். ஆவணியில் எனக்குப் புத்தி பிசகியது.

பிசகியது என்றால் இதுதான்: என் குழந்தை இன்னும் என் வயிற்றுக்குள்ளேதான் இருக்கிறது, தொட்டிலில் கிடப்பது வேறு யாருடையதோ என்று நம்பினேன். வயிற்றைத் தடவிக்கொண்டு அதோடு பேசினேன். தொட்டிலில் அழுகிறவனுக்குப் பால் கொடுக்க மறுத்தேன். இன்று எழுதும்போது எனக்கே உடம்பு கூசுகிறது. ஆனால் அன்று அது கண்ணால் பார்க்கிற சுவரைப் போல நிஜமாக இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இப்படி வருவதுண்டாம். பெரும்பாலும் சரியாகியும் விடுமாம். அதை யாரும் எனக்கு அப்போது சொல்லவில்லை. கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிடலாமா என்று கூடத்தில் பேசிக்கொண்டதை மட்டும் கேட்டேன்.

டவுனில் மனோவியாதிக்குப் பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் கணவர் அழைத்துப்போனார். இருட்டிய பிறகு, பின்வாசல் வழியாக. அவர் குளோர்ப்ரோமசின் என்ற மாத்திரை கொடுத்தார். அது நம் ஊருக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதைச் சாப்பிட்டுக் கை நடுங்கி உடம்பு விறைத்தபோது, அதற்கென்று இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். மாத்திரையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அது வேலை செய்தது. ஒரு நாள் காலையில் ரகுவைப் பார்த்தேன், அவன் என் குழந்தை என்று தெரிந்தது. வயிறு காலியாக இருப்பதும் தெரிந்தது. அழுதேன். குழந்தையைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். மாமியார் கொடுக்கவில்லை.

அதில் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். பைத்தியம் பிடித்தவள் கையில் பச்சைக் குழந்தையை யார் கொடுப்பார்கள்? பத்மாவின் கல்யாணம் முடியட்டும், அதுவரை ஒரு கோளாறும் இல்லாமல் இரு, பிறகு குழந்தை உன்னிடம் என்று சொன்னார். கணவரும் தலையாட்டினார். அதுதான் ஒப்பந்தம். அதுவரை ரகு மாமியாரின் உள்ளில், அதாவது அவர் அறையில், நான் கொல்லைப்பக்கத்து உள்ளில். அவன் அழுவது எனக்குக் கேட்கும், போகக்கூடாது. ஊருக்கு என்ன சொல்வது? மருமகளுக்கு வயிற்று வியாதி என்று சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் வயிறு கெட்டுவிட்டது, பத்தியம், அதனால் வெளியே வருவதில்லை. பைத்தியம் என்றால் பத்மாவை யாரும் எடுக்கமாட்டார்கள். வயிறு யாருக்கு வேண்டுமானாலும் கெடலாம்.

உண்மையிலேயே வயிறு கெட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். முதலில் வாய் உலர்ந்தது. சாதத்தை மென்றால் மணலைப் போல நாக்கில் நின்றது. பிறகு வெளிக்குப் போவது நின்றது. மூன்று நாளுக்கு ஒருமுறை, ஐந்து நாளுக்கு ஒருமுறை, அதுவும் முக்கி முனகி. வயிறு உப்பி, புடவைக் கட்டு இறுகியது. மாமியாரிடம் போய் வயிறு சரியில்லை என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆபீசிலிருந்து வந்த பிள்ளையிடம் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னார்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டாடா. வயித்துல என்னவோ இருக்குங்கறா."

அன்றே டாக்டரிடம் போனோம். எனக்கு வெளிக்குப் போகவில்லை என்று நான் சொன்னேன். வயிற்றைப் பற்றியே பேசுகிறாள் என்று கணவர் சொன்னார். டாக்டர் கணவரைத்தான் பார்த்துக் கேட்டார். மாத்திரையைக் கூட்டினார். கூட்டியதும் வயிறு இன்னும் இறுகியது. அடுத்த தடவை சொன்னேன், இன்னும் கூட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வெளியே என் பைத்தியத்துக்கு வயிறு என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு உள்ளே என் வயிற்றுக்குப் பைத்தியம் என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் நான் வாயைத் திறந்தால் மாத்திரை கூடும், ரகு இன்னும் தள்ளிப்போவான். வாயை மூடிக்கொண்டேன்.

மார்கழி பிறந்தது. ஸ்ரீரங்கத்தில் மார்கழி என்றால் சொல்லவேண்டியதில்லை, வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் உற்சவமான பகல் பத்து தொடங்கியதிலிருந்து வீதி நிற்காமல் ஓடும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரே வேளை ஒரு பிடி தயிர்சாதம், பிறகு அதுவும் இல்லை. தட்டைப் பார்த்தாலே குமட்டியது. அப்போதுதான் எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. நான் சாப்பிடாமல் இருப்பதை மாமியார் விரதம் என்று எடுத்துக்கொண்டார்.

நான் விரதம் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பக்கத்து ஆத்து மாமியிடம் பெருமையாகப் பேசினார். பகல் பத்து முழுக்க ஒருவேளைதான் சாப்பிடறா, பெருமாள் அவளுக்கு நல்ல புத்தி கொடுத்துட்டார் என்றார். கல்யாணமாகி வந்த நாளாக அவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. புத்தி தெளிந்ததற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஏகாதசிக்கு முன்தினம் ரகுவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் கிடத்தினார். மடியில் வைத்துக்கொள் என்றார். வயிறு பானை மாதிரி இருந்தது, மடி என்று ஒன்று இல்லை. ஆனாலும் வைத்துக்கொண்டேன். அவன் என் மூக்கைப் பிடித்து இழுத்தான். குடல் செத்துக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த வெகுமதி அது. சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

ஏகாதசி அன்று ஊரே சொர்க்கவாசலில் நின்றது. நான் கொல்லை உள்ளில் பச்சையாக வாந்தி எடுத்து, யாருக்கும் தெரியாமல் அலம்பிவிட்டேன். மறுநாள் துவாதசி. முந்தைய நாள் உபவாசம் இருந்தவர்கள் பாரணை செய்யவேண்டும், அதாவது விடிந்ததும் குளித்து, அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்த்துத் தளிகை பண்ணி, விரதத்தை முடித்துச் சாப்பிடவேண்டும். பாரணை செய்யாவிட்டால் விரதத்துக்குப் பலன் இல்லை. மாமியார் எனக்கு முதல் இலை போட்டார். தன் கையால் பரிமாறினார். கீரையைக் குவித்தார். பக்கத்தில் பத்மா மடியில் ரகு.

சாப்பிட முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்பார். வயிறு என்பேன். வயிறு என்றால் மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்பார்கள். நேற்று மடிக்கு வந்தவன் போய்விடுவான். சாப்பிட்டேன். கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, மோர் சாதம், மறுபடியும் கீரை. மாமியார் கண்ணில் தண்ணீர் நின்றது. அவ்வளவு அன்பாக அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

மத்தியானத்துக்குள் வயிறு கல்லாகிவிட்டது. சாப்பிட்டதெல்லாம் வந்தது, அதற்குப் பின்னால் மலநாற்றத்தோடு கறுப்பாக ஏதோ வந்தது. இனி மறைக்க முடியாது. சேவைக்கு வந்த கூட்டத்தில் வண்டி நகரவில்லை. குதிரை வண்டிக்காரன் கத்திக்கொண்டே வந்தான். காவேரிப் பாலத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் செத்துவிட்டால் தேவலை என்று நினைத்தேன்.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த சர்ஜன் எங்கள் பக்கத்து மனுஷர்தான். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், மார்கழியில் விடியற்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர். வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். குடல் உயிரோடு இருந்தால் அதற்குள் சத்தம் இருக்கும், கடகடவென்று ஏதோ ஓடும். என் வயிற்றில் ஒன்றும் கேட்கவில்லையாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் முழுக்கக் காற்றும் நீரும் தேங்கி நின்றது. எங்கேயோ அடைப்பு, திறந்து பார்த்துவிடவேண்டும் என்றார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா என்று கணவரிடம் கேட்டார்.

"ஒண்ணும் இல்லை டாக்டர். வயித்து வியாதிதான், ரொம்ப நாளா."

நான் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். மூக்கு வழியாக இரைப்பை வரை ஒரு ரப்பர் குழாயைச் செருகியிருந்தார்கள், உள்ளே தேங்கியதை இழுத்து வெளியே எடுப்பதற்கு. பேச முடியாது என்று சொல்லமாட்டேன். முனகியாவது சொல்லியிருக்கலாம். கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். ரகு ஆத்துல காத்துண்டிருக்கான் என்றார். அது ஆறுதலா மிரட்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மயக்கத்துக்கு ஈதரை முகத்தில் வைத்தார்கள்.

வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். அடைப்பும் இல்லை, முறுக்கும் இல்லை, கட்டியும் இல்லை. குடல் ஊதிப்போய் அசையாமல் கிடந்தது, அவ்வளவுதான். ஒன்றும் செய்யாமல் தைத்துவிட்டார்கள். இந்த மாதிரி எதற்கென்று தெரியாமல் ஒரு வயிறு தூங்கி நான் பார்த்ததில்லை என்று சர்ஜன் குழம்பினார். குடல் விழித்துக்கொள்ளும் வரை வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றார். கைநரம்பில் சர்க்கரைத் தண்ணீர் ஏறியது. உதடு வெடித்தது. தாகம் என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரிந்தது, இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பக்கத்துக் கட்டிலில் வையம்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாள். பித்தப்பையில் கல், எனக்கு ஆனதற்கு முந்தின நாள் அவருக்கு ஆபரேஷன். குடல் விழித்ததற்கு அடையாளம் வாயு பிரிவது. தினமும் ரவுண்ட்ஸில் டாக்டரும் நர்சும் வாயு பிரிந்ததா என்று கேட்பார்கள். என் மாமியார் தலையைக் குனிந்துகொள்வார். அந்த அம்மாளுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. "எனக்கு நேத்தே பிரிஞ்சிருச்சுங்க. உங்களுக்கு இன்னும் இல்லீங்களா? பாவம், சாமியைக் கும்பிட்டுக்கங்க" என்பார். ஸ்ரீரங்கத்துக்காரி ரங்கநாதரிடம் வேண்டிக்கொள்ளவேண்டிய வரமா அது? வேண்டிக்கொண்டேன். வாயு பிரியவில்லை.

ஒருத்தி மட்டும் எனக்கு நல்லது செய்தாள், பத்மா. மத்தியானங்களில் வந்து, சிக்குப் பிடித்த என் தலையை வலிக்காமல் வாரிவிடுவாள். ஆஸ்பத்திரிக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். ஒருநாள் ரகுவைத் தூக்கிக்கொண்டு வந்து என் ஜன்னலுக்கு நேராகத் தெருவில் நின்று, அவனை இரண்டு கையாலும் தலைக்குமேலே தூக்கிக் காட்டினாள். மாடியிலிருந்து பார்த்தால் அவன் முகம் தெரியவில்லை, ஆட்டுகிற கால் மட்டும் தெரிந்தது. கை வலிக்கிற வரை தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் கல்யாணத்துக்காகத்தான் என்னை இப்படி வைத்திருந்தார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

மாமியார் தினமும் காலையில் கோயிலிலிருந்து நேரே வருவார். வெள்ளிச் சொம்பில் தீர்த்தம். துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்ட பெருமாள் தீர்த்தம். உத்தரணியால் என் வாயில் விடுவார். டாக்டர் தண்ணீர் கூடாது என்றாரே என்று நர்ஸ் தடுத்தபோது, தீர்த்தத்தைத் தண்ணீர் என்கிறாயே என்று சண்டைக்குப் போனார். எனக்கோ வெடித்த நாக்கு. ஒரு சொட்டு விழுந்தால் போதும் என்று கிடந்தேன். முதல் நாள் அமிர்தமாக இருந்தது. இரண்டாம் நாள்தான் கசப்பு தெரிந்தது. கற்பூரக் கசப்பு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தீர்த்தம் பட்ட இடத்தில் நாக்கு மரத்துப்போயிற்று.

அந்த மரப்பு எனக்குத் தெரியும். மாத்திரையை உடனே விழுங்காமல் வாயில் வைத்திருந்தால் இப்படித்தான் நாக்கு செத்துப்போகும். பொடி பண்ணிக் கலந்திருக்கிறார். ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது என்று மனோவியாதி டாக்டர் சொல்லியிருந்தார். நிறுத்தினால் வார்டில் நான் கத்துவேன், ஊர் தெரிந்துகொள்ளும் என்று பயம். சர்ஜனிடம் சொல்லவும் முடியாது. அதனால் பெருமாளையே துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். தீர்த்தத்தில் மாத்திரையைப் போடுவது அபசாரம் என்று அவருக்குத் தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கும். இருந்தும் போட்டார்.

குடல் ஏன் விழிக்கவில்லை என்று எனக்கு அன்றே புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். மாத்திரை கூடக்கூட வயிறு இறுகியது என்பது மட்டும் தெரியும். தலையில் கிடக்கிற கூச்சலை அடக்குகிற மருந்து, குடலை அசைக்கிற நரம்பையும் அடக்கிவிடும் என்பதைச் சர்ஜன் பிற்பாடுதான் விளக்கினார். சாப்பிட்டதைக் குடல் சுருங்கிச் சுருங்கித்தான் கீழே தள்ளுகிறது. அந்தச் சுருக்கம் நின்றால், தெருவெல்லாம் திறந்திருந்தும் வண்டி ஓடாது. கைநடுக்கத்துக்கு என்று கொடுத்த இரண்டாவது மாத்திரை இன்னும் மோசமாம். ஒன்று குடலைத் தூங்கவைக்க, மற்றது போர்த்திவிட்டது.

அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இப்படியே குடித்துக்கொண்டிருந்தால் செத்துப்போவேன். சொன்னால் ரகு போய்விடுவான். செத்தாலும் ரகு போய்விடுவான். எது பெரிய நஷ்டம் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். விடிகிறபோது எனக்குச் சாக இஷ்டமில்லை என்பது மட்டும் மிஞ்சியது.

மறுநாள் ரவுண்ட்ஸ் நேரத்தில் மாமியார் சொம்போடு நின்றார். உத்தரணி வாயருகே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வார்டே பார்த்தது. ஸ்ரீரங்கத்துப் பெண் பெருமாள் தீர்த்தம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால், அவளுக்குப் பைத்தியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மாமியார் சர்ஜனைப் பார்த்து அழாத குறையாகச் சொன்னார்: பாருங்கோ, தீர்த்தத்தை வேண்டாம்கறா. டாக்டருக்கும் சங்கடமாகிவிட்டது. ஒரு உத்தரணி தீர்த்தத்தால் ஒன்றும் ஆகிவிடாது, வாங்கிக்கோ அம்மா என்று என்னிடமே சொன்னார். நல்ல மனுஷர். பக்திமான். அவர் பக்தியால்தான் நான் சாகப் பார்த்தேன்.

அந்தப் பக்தியையே பிடித்துக்கொண்டேன். மூக்குக் குழாயோடு குரல் கீச்சென்று வந்தது.

"டாக்டர், நீங்களும் ஒரு உத்தரணி வாங்கிக்கோங்கோ."

மார்கழி மாசத்தில், கோயிலிலிருந்து வந்த தீர்த்தத்தை அவர் எப்படி வேண்டாம் என்பார்? ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி நர்சிடம் கொடுத்தார். இடது கையைக் கீழே தாங்கி வலது கையைக் குழித்து நீட்டினார். மாமியாரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"இது அவளுக்குன்னு கொண்டுவந்தது" என்றார்.

"தீர்த்தம்தானே மாமி. ஒரு துளி போறும்."

மாமியார் சொம்பைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். நீட்டிய கைக்குத் தீர்த்தம் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. எதிரியானாலும் கொடுத்துவிட்டுத்தான் சண்டை. டாக்டரின் கை குழிந்தபடியே இருந்தது. அவர் மாமியாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அதுல மாத்திரைப் பொடி இருக்கு" என்றேன். "சித்தம் கலங்கினவாளுக்குக் கொடுக்கற மாத்திரை. ஆவணியிலேர்ந்து சாப்பிடறேன். எனக்குத்தான் பைத்தியம்."

அவர் சொம்பை வாங்கினார். பிடுங்கினார் என்றே சொல்லலாம். விரலை நனைத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என் கணவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை, அதனால் எல்லாம் கேட்டது. தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று கணவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உம்ம தங்கை கல்யாணத்துக்காக ஒண்ணுமில்லாத வயித்தைக் கிழிச்சுத் தெச்சிருக்கேன் ஐயா நான்."

மாத்திரை நின்றது. சில நாளில், ஒரு விடியற்காலம், என் வயிற்றுக்குள் சின்னதாக ஏதோ புரண்டது. பிறகு வாயு பிரிந்தது. நன்றாகச் சத்தமாகவே பிரிந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்து கையைக் கொட்டிச் சிரித்தார். நான் அழுதேன். தலையும் கலங்கவில்லை. கத்துவேன் என்று பயந்தார்கள், கத்தவில்லை. கஞ்சி கொடுத்தார்கள். தை பிறந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சர்ஜன் யாரிடமும் வாய்திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் வையம்பட்டிக்குப் போய்விட்டார். ரகசியம் ரகசியமாகவே இருந்தது. என் உயிருக்குப் போட்ட தையல் இப்போது மாமியாருக்குப் பெரிய உதவியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காதில் ஏதோ விழுந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா விசாரிக்க வந்தாள். வருவதற்கு முன் மாமியார் என் உள்ளுக்குள் வந்து உட்கார்ந்தார். நீ ஒழுங்காகப் பேசினால் அவர்கள் திரும்பிப்போன கையோடு குழந்தை உன்னிடம் என்றார்.

ஒழுங்காகப் பேசினேன். குடலில் முறுக்கு விழுந்திருந்தது, ஆபரேஷன் பண்ணிப் பிரித்தார்கள், இல்லாவிட்டால் போயிருப்பேன் என்றேன். மாமியார் என் புடவையை ஒதுக்கித் தழும்பைக் காட்டினார். அது இன்னும் சிவப்பாக, நண்டுக்கால் மாதிரித் தையல் அடையாளத்தோடு இருந்தது. அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள். பாவம், பிழைச்சு வந்திருக்கே என்றாள். இவ்வளவு பெரிய வயிற்று வியாதியைப் பைத்தியம் என்று எந்தப் பாவி சொன்னான் என்று சபித்தாள். பழத்தட்டை வாங்கிக்கொண்டு நிச்சயம் பண்ணிவிட்டுப் போனாள்.

அவர்கள் வண்டி நகர்ந்ததும் கையை நீட்டினேன். மாமியார் ரகுவை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்.

"வயித்துல கத்தி வெச்சவ கனம் தூக்கலாமோ? தையல் பிரிஞ்சுடாதோ?"

கொஞ்ச நாள் அப்பாவாத்தில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்றார்கள். தெப்பக்குளத்துப் பக்கம் அப்பாவின் வீட்டுக்கு வந்தேன். அப்பா எதிர்த்துப் பேசிப் பழகாதவர். மாசியில் பத்மாவின் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் நிறுத்திச் சந்தனம் கொடுக்கச் சொன்னார்கள். முடிந்ததும் அப்பா வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். உடம்பு இன்னும் தேறவில்லை என்றார்கள். தீர்த்தத்தை வைத்து மாமியாரை வார்டில் தலைகுனிய வைத்தவளை வீட்டில் வைத்துக்கொள்ள அவர் என்ன முட்டாளா? கணவர் வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அது எனக்குச் செய்த பெரிய உபகாரம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டாம் கல்யாணத்தைச் சட்டமே தடுக்கிறது, உபகாரம் ஒன்றுமில்லை.

வருஷங்கள் ஆகிவிட்டன. மாத்திரை இல்லாமல்தான் இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் காலையில் வெளிக்குப் போகிறேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஸ்ரீரங்கத்துக்குப் போய் ரகுவைப் பார்க்கலாம். மாமியார் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். நான் ஏதாவது தப்பாகப் பேசினால் அடுத்த ஞாயிறு இல்லை. ஒருதரம் அப்படி ஒரு வார்த்தை சொல்லி ஆறு மாசம் இழந்திருக்கிறேன்.

அவன் என் மடியில் உட்காரமாட்டான். தோளில் சாயமாட்டான். அம்மாவைத் தொட்டால் வயிறு பிரிந்துவிடும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஒரு கை தூரம் விட்டுத்தான் உட்காருவான். நல்ல பிள்ளை, எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற கவலை அவனுக்கு. போன வாரம் தானாகவே கேட்டான், அந்தக் காயத்தைக் காட்டுகிறாயா என்று. புடவையை ஒதுக்கிக் காட்டினேன். வெளுத்துத் தழும்பாகிவிட்டது. தொட்டுப் பார் என்றேன். பயந்து பயந்து ஒரு விரலை வைத்தான். என் குழந்தை என்னைத் தொட்டது எத்தனை காலத்துக்கு அப்புறம்! மூச்சை அடக்கிக்கொண்டேன். கொஞ்சம் அழுத்தினான். நான் சிரித்தேன்.

"உனக்கு வலிக்கவே இல்லையே. அப்போ பாட்டி பொய் சொன்னாளா?"

வாசற்படியில் மாமியார் விசிறியை நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை, நிறுத்தினார், அவ்வளவுதான்.

"இல்லைடா கண்ணா" என்றேன். "வலிக்கறது."

அவன் விரலை எடுத்துக்கொண்டான்.